ஹாப்பெல் வெறும் கோச் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஐரோப்பியக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் பற்றிய கட்டுரை படித்தேன். எர்ன்ஸ்ட் ஹாப்பெலுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், சந்தோஷம். 1970இல் ஃபெயனூர்ட், 1983இல் ஹாம்பர்க் என்று இரண்டு கிளப்புகளுக்கு ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வாங்கித் தந்த முதல் கோச், 1978 உலகக் கோப்பை இறுதி வரை நெதர்லாந்தைக் கொண்டுபோனவர், எல்லாம் சரி. ஆனால் அவர் ஆடிய காலத்துக்கு 'முன்னாள் ஆஸ்திரிய வீரர்' என்பதோடு முடித்துவிட்டால் எப்படி?

மனுஷன் ஆஸ்திரிய கிளப்பான ரேபிட் வியன்னாவின் ஸ்டாப்பர், அதாவது நடுப் பின்கள வீரர். நாட்டுக்காக 51 ஆட்டம். 1954 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த அணியில் இருந்தவர். லோசானில் கொளுத்தும் வெயிலில் சுவிட்சர்லாந்து மூன்று கோல் போட்டு முந்திக்கொள்ள, ஆஸ்திரியா திருப்பி அடித்து 7-5 என்று ஜெயித்த அந்தக் கிறுக்குக் காலிறுதியிலும் பின்களத்தில் அவர்தான். (ஐந்து கோல் விட்டவரைப் பாராட்டுவதா என்று கேட்காதீர்கள், கோல்கீப்பர் ஷ்மீடுக்கு வெயில் தாக்கி நிற்கவே முடியவில்லை.) அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் 1-6 என்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்மைதான்.

நான் சொல்ல வந்தது 1956 நவம்பர் 14. பாரிஸில் ரெண்டு வருஷம் ஆடிவிட்டு ரேபிட்டுக்குத் திரும்பியிருந்தார். ஐரோப்பியக் கோப்பையில் எதிரே நடப்புச் சாம்பியன் ரியல் மாட்ரிட், நட்சத்திர வீரர் டி ஸ்டெஃபானோ இருந்த டீம். ஊருக்கு ஒன்றாக இரண்டு ஆட்டம், கோல்களைக் கூட்டித்தான் வெற்றி. மாட்ரிட்டில் 2-4 என்று தோற்று வந்த ரேபிட்டுக்கு, வியன்னாவில் இடைவேளைக்குள்ளேயே ஹாப்பெல் ஹாட்ரிக் போட்டார், அதுவும் ஃப்ரீ கிக், பெனால்டி என்று எல்லாமே நிறுத்திவைத்த பந்தை அடித்து! டி ஸ்டெஃபானோ ஒன்று திருப்பினார். 3-1, இரண்டு ஆட்டமும் சேர்த்து 5-5. மொத்தம் சமமானால் வெளியூர் கோலுக்குக் கூடுதல் மதிப்பு தரும் விதி பின்னாளில்தான் வந்தது. அன்றே இருந்திருந்தால் மாட்ரிட் மூட்டை கட்டியிருக்கும். மூன்றாவது ஆட்டமும் மாட்ரிட்டிலேயே வைத்தார்கள், ரேபிட் 0-2. தப்பிப் பிழைத்தவர்கள் அந்த சீசனும் கோப்பையைத் தூக்கினார்கள்.

நீங்கள் புகழ்ந்த அவருடைய ஆஃப்சைடு பொறி (பின்களம் ஒன்றாக முன்னேறி எதிரணி வீரரை ஆஃப்சைடில் சிக்கவைப்பது), மேலேறி நெருக்கும் ஆட்டம் எல்லாம் கோச் ஆன பிறகு திடீரென்று முளைத்ததா என்ன? 1949இல் ரேபிட்டோடு பிரேசில் போய்வந்த பிறகு, ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்வதை விட்டு இடத்தைக் காக்கும் முறையை ஆடிப் பார்த்த பின்கள வீரர் அவர்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அதே ரேபிட்டில் ஆடிய கெர்ஹார்ட் ஹனாப்பி பற்றியும் எழுதுங்கள். ஆஸ்திரியாவுக்காக 93 ஆட்டம், படிப்பால் கட்டடக் கலைஞர், 1977இல் திறந்த ரேபிட்டின் ஸ்டேடியத்துக்கு வரைபடம் போட்டதே அவர்தான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்