விழுந்த மொட்டைப் பிரித்துப் பார்

வெள்ளவத்தை,
ஒக்டோபர் 18

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலை மஞ்சளாகி, மொட்டு ஏழெட்டு கீழே கிடக்கிறது. 'ஏனம்மா விழுகுது?' என்று ஒரே வரி. அதற்குப் பிறகு மூன்று கிழமையாக ஒரு சத்தமும் இல்லை. போன் அடித்து அடித்து நிற்கிறது. வேலை இருக்கும். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் குறைந்திருக்கிறது, மற்றப் புதினங்கள் பிறகு. முதலில் செவ்வரத்தை.

விழுந்த மொட்டு ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பிரித்துப் பார். இங்கே என்றால் சில வேளை உள்ளே வெள்ளையாகச் சின்னப் புழு நெளியும். கொசு மாதிரி ஒரு ஈ மொட்டில் முட்டை இடுவதால் வருவது அது. அப்படி இருந்தால் மொட்டுகளைப் பொறுக்கிப் பையில் கட்டி எறி; கிடக்க விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கித் திரும்ப ஈயாக வரும். உள்ளே சுத்தமாக இருந்து, காம்பு மஞ்சளாகி மூட்டோடு கழன்றிருந்தால் அநேகமாகப் பூச்சி இல்லை. தண்ணீர், வெளிச்சம், இடமாற்றம், இந்த மூன்றில் ஒன்று.

இடம் மாறினதா, பிள்ளை? படத்தில் பின்னால் தெரிகிற யன்னல் பழைய வீட்டு யன்னல் இல்லை.

வெளிச்சம் குறைந்த இடத்துக்குப் போனால் செவ்வரத்தை மொட்டை உதிர்க்கும், பழைய இலையையும் உதிர்க்கும், பிறகுதான் அந்த இடத்துக்கு ஏற்ற புது இலை விடும். அதைப் பார்த்துப் பயந்து தண்ணீரை அள்ளி ஊற்றுவதுதான் எல்லோரும் விடுகிற பிழை. இலை குறைந்த செடி கொஞ்சமாகத்தான் குடிக்கும். மிச்சத்தில் வேர் அழுகும். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விடு. ஈரம் ஒட்டினால் ஊற்றாதே. காய்ந்திருந்தால் அடியால் வடியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கினதை அரை மணித்தியாலத்துக்குள் கொட்டிவிடு. பூ ஒரே நாளில் வாடி விழுந்தால் அது வருத்தமில்லை, அதன் ஆயுளே அவ்வளவுதான்.

ரொறன்ரோவில் இரவு 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கியிருக்கும். சாடி வெளியே இருந்தால் இன்றைக்கே உள்ளே எடு. பாரம், தனியத் தூக்காதே. தூக்க ஆள் இருக்கிறதா? தெற்குப் பார்த்த யன்னல் நல்லது. ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதே. உலர்ந்த காற்றில் இலைக்கு அடியில் செஞ்சிலந்தி என்கிற பொடிப் பூச்சி வரும். கண்ணுக்குத் தெரிய முன்னமே இலையில் ஊசி குத்தினது போல வெளிறிய புள்ளி தெரியும், பிறகு மெல்லிய வலை. குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கத்தை நாலு நாளுக்கு ஒருக்கால் தண்ணீர் பீச்சிக் கழுவு. அது போதாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், சில துளி சவர்க்காரம் கலந்து மாலையில் தெளி.

பனிக்காலத்தில் உரம் வேண்டாம். மார்ச்சில் கொப்புகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே. புதுத் துளிரில்தான் பூக்கும், ஆகவே வெட்டப் பயப்படாதே. பிறகு உரம் வாங்கும்போது பெட்டியில் உள்ள மூன்று இலக்கத்தில் நடு இலக்கம் சின்னதாக இருக்க வேண்டும். பூவுக்கு நல்லது என்று விற்கிறதில் அநேகமாக அதுதான் பெரிதாக இருக்கும். நடு இலக்கம் பொஸ்பரசு; அது கூடினால் செவ்வரத்தைக்கு ஆகாது. சொன்ன அளவில் பாதி, இரண்டு கிழமைக்கு ஒருக்கால். சாடி மாற்றினால் ஒன்றிரண்டு அங்குலம் மட்டும் பெரிதாக எடு.

பத்து வயதில் நீ ஊன்றின தடிதான் இன்றைக்கும் மதிலுக்கு மேலால் பூக்கிறது. கைராசிக்காரி. அப்படிப்பட்டவளுக்கு 'இருக்கிறேன்' என்று ஒரு வரி எழுத என்ன கஷ்டம்?

அன்றைக்கு ராத்திரி நீ எடுத்து அழுதபோது, 'எல்லா வீட்டிலும் உள்ளதுதான், அனுசரித்துப் போ' என்று சொல்லிப் போனை வைத்தது நான். பக்கத்து அறையில் மாமி இருந்தா, கேட்டுவிடும் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். நீ சொல்ல வந்ததை நான் கேட்கவே இல்லை. பிழை என்னுடையது. இப்போது எந்த நேரம் என்றாலும் எடு, மாமி இருந்தாலும் கேட்பேன்.

பென்சில் தடிப்பில் ஆறு அங்குலக் கொப்பு நாலு வெட்டி, மணலும் தும்புத்தூளும் கலந்து ஊன்றி, பொலித்தீன் பையால் மூடி வைத்திருக்கிறேன். வேர் பிடிக்க நாலு முதல் ஆறு கிழமை. தபாலில் அனுப்ப விடமாட்டார்கள்.

தண்ணீரை அள்ளி ஊற்றாதே. மொட்டைப் பிரித்துப் பார்த்து உள்ளே என்ன இருந்தது, யன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எழுது. புது விலாசத்தையும் எழுது.

அம்மா