பிளக் பொருந்தினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மெக்கானிக்கல் கீபோர்டுகளைப் புதிய கம்ப்யூட்டரில் இணைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த குறிப்பு, கடையில் கிடைக்கும் விரல் நீள மாற்று பிளக்கைச் செருகினாலே போதும் என்கிறது. அதை நம்பி வாங்குபவர்களில் பலருக்குக் காசுதான் நஷ்டம். அந்த பிளக்குக்குள் சிப் கிடையாது, வெறும் கம்பி இணைப்புதான். பிஎஸ்/2 (யூஎஸ்பிக்கு முன்பிருந்த சிறு வட்ட பிளக் முறை), யூஎஸ்பி இரண்டிலும் பேசத் தெரிந்த கீபோர்டுக்கு மட்டுமே அது உதவும். யூஎஸ்பி 1996இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கீபோர்டு எதற்கும் அந்த மொழி தெரிய வாய்ப்பில்லை.

நம் பக்கத்து டிடிபி சென்டர்களில் இன்னும் கிடக்கும் பிஎஸ்/2 பிளக் வைத்த டிவிஎஸ் கோல்டு போன்றவற்றுக்குச் சிப் உள்ள கன்வர்ட்டர் வேண்டும். ஊதா, பச்சை என இரண்டு துளைகளும் நடுவே கேபிளும் இருக்கும். கீபோர்டுக்கு ஊதா. மதர்போர்டிலேயே பிஎஸ்/2 துளை இருந்தால் கன்வர்ட்டரே தேவையில்லை. ஆனால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். ஓடும்போது செருகினால் மதர்போர்டில் அந்தத் துளைக்கான ஃபியூஸ் போகக்கூடும்.

சிக்கல் தொடங்குவது தடித்த ஐந்து பின் டின் பிளக்கில். ஐபிஎம் 1981இல் கொண்டுவந்த பிசியின் கீபோர்டும் (எக்ஸ்டி வகை) 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கம்ப்யூட்டரின் கீபோர்டும் ஒரே பிளக்கில்தான் வருகின்றன, பேசும் முறை வேறு. எஃப்1 முதல் எஃப்10 வரை இடப்பக்கம் இரண்டு வரிசையாக, மொத்தம் 83 கீ, விளக்குகள் இல்லை என்றால் எக்ஸ்டி. 84 கீயும் கேப்ஸ் லாக் விளக்கும் இருந்தால் ஏடி. சில குளோன்களின் (பிற நிறுவனங்கள் செய்த நகல்களின்) அடியில் எக்ஸ், ஏ என்று சிறு சுவிட்ச் இருக்கும்; அதை ஏ பக்கம் தள்ளுங்கள். ஏடி வகைக்கு டின்-பிஎஸ்/2 மாற்று பிளக்கும் சிப் கன்வர்ட்டரும் சேர்ந்தால் போதும். எக்ஸ்டிக்கு அது பலிக்காது.

எக்ஸ்டிக்கு நல்ல வழி, ஏடிமெகா32யூ4 சிப் உள்ள 5 வோல்ட் புரோ மைக்ரோ பலகை. நாமே புரோகிராம் ஏற்றிக் கன்வர்ட்டராக மாற்றக்கூடிய சிறு சர்க்யூட் பலகை இது. 3.3 வோல்ட் ரகத்தை வாங்கிவிடாதீர்கள். டின் பிளக்கில் பின் 1 கிளாக், 2 டேட்டா, 4 கிரவுண்ட், 5 ஐந்து வோல்ட். பின் 3 சில எக்ஸ்டிகளில் ரீசெட். அரைவட்டத்தில் பின்கள் 1, 4, 2, 5, 3 என்ற வரிசையில் நிற்பதால், வரிசையாக எண்ணிச் சால்டர் வைத்தால் எல்லாம் மாறிப்போகும். கேபிளுக்குள் கம்பி நிறத்தையும் நம்பாமல் மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கிளாக்கைப் பலகையின் 2ஆம் பின்னிலும், டேட்டாவை 3இலும் வையுங்கள். இரண்டிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு ஆளுக்கொரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். இதை விட்டால் கேபிள் நீளமான கீபோர்டுகளில் எழுத்து மாறி விழலாம், ஷிஃப்ட் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கலாம். டிஎம்கே (TMK) என்ற கீபோர்டு மென்பொருள் திட்டத்தின் ஐபிஎம் கன்வர்ட்டர் ஹெக்ஸ் கோப்பை (பலகைக்கான புரோகிராம்) ஏற்ற, பலகையின் ரீசெட் பின்னையும் கிரவுண்ட் பின்னையும் சட்டென்று இரண்டு முறை தொடவைக்க வேண்டும். ஏறத்தாழ எட்டு நொடிதான் அது காத்திருக்கும். கோப்பை ஏற்றும் கட்டளையைக் கம்ப்யூட்டரில் முன்பே தட்டி வைத்திருங்கள்.

விளக்குகள் ஒருமுறை மின்னி அணைந்தால் கரண்ட் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். பழைய கீபோர்டுகள் அதிகம் இழுப்பவை. ஹப்பை விட்டுவிட்டு கம்ப்யூட்டரின் பின்புறத் துளையில் நேராகச் செருகிப் பாருங்கள்.

குறிப்பு முற்றிலும் மறந்துவிட்டது கடல் காற்றின் உப்பை. கீழக்கரையிலிருந்து தனுஷ்கோடி வரை எந்த வீட்டுப் பரணில் கிடந்த கீபோர்டானாலும், கரண்ட் கொடுக்கும் முன் பிளக்கைப் பாருங்கள். பின்னில் பச்சை பூத்திருந்தால் உள்ளேயும் பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆல்கஹாலில் உப்பு கரையாது. முதலில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பழைய டூத் பிரஷை நனைத்துத் தேய்த்து, பிறகு ஆல்கஹாலால் அந்த ஈரத்தை விரட்ட வேண்டும். போர் தண்ணீர் கூடவே கூடாது. நம் மாவட்டத்தில் பல இடங்களில் அதுவே உவர். சுவிட்சுகளுக்குள்ளும், ஐபிஎம்மின் மாடல் எம் கீபோர்டில் உள்ள மெம்பிரேன் தாள்களுக்கு (சுற்று அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்கள்) இடையிலும் தண்ணீர் இறங்கக் கூடாது. ஐபிஎம்மின் மாடல் எஃப் கீபோர்டு என்றால் தகடுகளுக்கு நடுவே உள்ள ஃபோம் பொடிந்து, இரும்பும் துருவேறியிருக்கலாம். ஃபோம் பொடிந்திருந்தால் அதைச் சுரண்டி எடுத்துப் புது ஃபோம் வைக்காமல் சில கீகள் வேலை செய்யாமல் போகலாம். காய வைக்க விசிறிக் காற்று போதும். வாடை அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள், எதுவும் காயாது. முடிந்ததும் பின் 4, 5 இடையே ஷார்ட் இல்லை என்று மீட்டரில் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்வோருக்கு இன்னொன்று. இந்தப் பழைய கீபோர்டுகள் பலவற்றில் விண்டோஸ் கீ கிடையாது, அதனால் அவற்றில் விண்டோஸும் ஸ்பேஸும் சேர்த்து மொழி மாற்ற முடியாது. இடது ஆல்ட்டும் ஷிஃப்டும் போதும். புரோ மைக்ரோ வழியில் போனவர்கள் கேப்ஸ் லாக்கையே விண்டோஸ் கீயாக மாற்றிக்கொள்ளலாம். தமிழ்99 தட்டச்சு முறைக்குக் கேப்ஸ் லாக் தேவைப்படுவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.