அண்டா எங்களிடம்தான் இருக்கிறது: தென்பெண்ணைக் கரையிலிருந்து ஒரு நன்றி மடல்

வெள்ளத்தின்போது எங்களைத் தேடி வந்த எல்லோருக்கும் வணக்கம்.

இந்தக் கடிதத்தை டிசம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். அப்போது வீட்டில் இருந்த காய்ந்த காகிதம் என்றால், நிவாரணப் பொருளைச் சுற்றி வந்த பழைய செய்தித்தாள்தான். இப்போது பொங்கலும் முடிந்துவிட்டது. இதற்கு மேல் தள்ளிப்போட்டால் நன்றாக இருக்காது என்று மகளிர் குழுக் கூட்டத்தில் பேச்சு வந்தது. "நீதானே பத்தாவது வரைக்கும் படிச்சவ, நீயே எழுது" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பத்தாவது படித்தவர்கள் குழுவில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். சரி, போகட்டும்.

நாணமேடு, உச்சிமேடு, சுபஉப்பலவாடி, கண்டக்காடு என்று கடலூர் பக்கம் தென்பெண்ணை ஆறு கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர்களை 2024 டிசம்பர் முதல் வாரத்தில் டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் ஒன்றுதான் எங்களுடையது. கத்தரி, மிளகாய், கொஞ்சம் பூ, வீட்டுக்கு ஒரு மாடு, என்னைப் போல நாலைந்து தையல் வீடுகள். அவ்வளவுதான் ஊர்.

புயல் எங்களை அவ்வளவாக ஒன்றும் செய்யவில்லை. நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. அங்கே ஒரே நாளில் 46 சென்டிமீட்டரைத் தாண்டி மழை கொட்டி, ராணுவமே வந்து ஆட்களைப் படகில் ஏற்ற வேண்டியிருந்தது. எங்களுக்குக் கொட்டகைக் கீற்று பறந்ததும் கரண்ட் போனதும்தான். மழை விட்டதும் தப்பித்தோம் என்று நினைத்தோம். ஆனால் எங்களை மூழ்கடித்தது எங்கள் ஊர் மழையே இல்லை. புயல் வலுவிழந்து உள்ளே போய், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியிருக்கிறது. மேலே பெய்ததெல்லாம் தென்பெண்ணையின் குறுக்கே இருக்கும் சாத்தனூர் அணைக்கு வந்து சேர, திங்கட்கிழமை, 2ஆம் தேதி விடியற்காலை அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீரைத் திறந்தார்கள். அது எவ்வளவு என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. இப்போது சின்னப் பிள்ளைகள்கூட கன அடிக் கணக்கில்தான் பேசுகிறார்கள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மைக் கட்டிய ஆட்டோ தெருவுக்குள் வந்தது, மேடான இடத்துக்குப் போகச் சொன்னது. பாதிப் பேர் கிளம்பவில்லை. நானும் கிளம்பவில்லை. 2021 நவம்பரிலும் இப்படித்தான் சொன்னார்கள், எங்கள் தெருவில் முழங்காலோடு நின்றுவிட்டது. 1972 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் மட்டும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துச் சிரித்தோம். ஆகவே முதல் நன்றி, இருட்டிய பிறகு மறுபடியும் டார்ச் லைட்டோடு வந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டித் திட்டிய கிராம உதவியாளருக்கு. "மாட்டை அவுத்து வுடு, புள்ளைய தூக்கு, மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்று அவர் கத்தியதில் நாற்பது வீடு காலியானது. என் மாமியார் மட்டும் அரிசி மூட்டையை விட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததில் நாங்கள் பின்தங்கிவிட்டோம். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது பக்கத்து மாடி வீட்டு மொட்டை மாடியில் 23 பேர், ஒரு கைக்குழந்தை, ரெண்டு ஆடு.

விடிந்ததும் படகு வந்தது. டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி ரோடு முடியும் இடம் வரைக்கும் கொண்டுவந்து, அங்கிருந்து தண்ணீரில் இறக்கிய ஃபைபர் படகு. கடற்கரைக் குப்பத்து அண்ணன்கள் நாலு பேர். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். கீழேயிருந்து வந்த முதல் கேள்வி, "கெணறு எங்கெங்க இருக்கு?"

அந்தக் கேள்வியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். கடலில் அவர்களுக்குத் தெரியாதது இல்லை. தோட்டத்துக்கு மேல் படகு ஓட்டுவது வேறு சமாச்சாரம். தண்ணீருக்கு அடியில் முள்கம்பி வேலி கிடக்கிறது, மோட்டார் கொட்டகைக் கூரை கிடக்கிறது, கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறு வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. தலைக்கு மேலே தொய்ந்த கரண்ட் கம்பி வேறு. என்ஜினில் வேலிக்கம்பி சுற்றிக்கொண்டால் படகு நின்ற இடத்திலேயே சுழலும். அதனால் என்ஜினை அணைத்துவிட்டு மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார வைத்து, அவன் கை காட்டிய பக்கமெல்லாம் படகைத் திருப்பினார்கள். வழியில் கிணறு வந்தால் பக்கத்துத் தூணிலோ மரத்திலோ சவுக்குக் கழியைக் கட்டி, நுனியில் சிவப்புத் துணி. அது என் தையல் கூடையில் மிஞ்சிய ரவிக்கைத் துண்டு, மாடியிலிருந்து நானே வீசியது. மத்தியானம் ரப்பர் படகில் வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் வழி பிடித்தார்கள். அவர்களுக்கும் எங்கள் நன்றி. பாஷை தெரியாத அந்தத் தம்பி, கைக்குழந்தையைத் தன் லைஃப் ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு இறங்கினார். குழந்தை அழவே இல்லை.

படகில் வரும்போது, உங்களுக்கு என்ன கொடுக்கப்போகிறோம் அண்ணா என்று கேட்டேன். "சுனாமி அன்னிக்கி எங்களுக்கு மொதல்ல சோறு வந்தது உங்க பக்கத்திலேர்ந்துதான்மா" என்றார் கழி தள்ளியவர். எங்கள் அம்மாவெல்லாம் தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் புளிசாதம் கட்டிக்கொண்டு போனது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்குப் பதினாலு வயது. அந்த மாதம் 26ஆம் தேதியோடு சுனாமிக்கு இருபது வருஷம்.

கடலூரில் இறங்கியதும் மாமியார் அரிசி மூட்டையோடு உட்கார்ந்து, "அப்பரக் கல்லக் கட்டிப் போட்டாங்க, என்ன இந்த மூட்டையோட போட்டாங்க, ரெண்டு பேரும் கரையேறிட்டோம்" என்றார். கல்லில் கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லும் இடம், கரையேறவிட்டகுப்பம், இங்கே திருப்பாதிரிப்புலியூர் பக்கம்தான் இருக்கிறது. அந்த அரிசியை, பாதி நனைந்ததுதான், முகாமில் வடித்துச் சாப்பிட்டோம்.

முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் சோற்றுக்குக் குறையே இல்லை. முதல் மூன்று நாள் சாம்பார் சாதம், லெமன் சாதம், ரவா கிச்சடி என்று மாறி மாறி வந்தது. நெய்வேலியிலிருந்து வேனில் வந்தவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேனர் இல்லை, ஒரே மாதிரி டீ ஷர்ட் இல்லை. பெரிய அலுமினிய அண்டா நிறைய சூடாகச் சாம்பார் சாதம், மேலே தனியாக ஒரு தூக்கில் காரமே இல்லாத பருப்பு சாதம். "சின்னப் புள்ளைங்க, வயசானவங்க இருப்பாங்கல்ல" என்றார் கரண்டி பிடித்தவர். சாயங்காலம் வந்து அண்டாவை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம் ஆளைக் காணோம்.

நன்றிக் கடிதத்தில் குறை சொல்லக் கூடாது என்பார்கள். ஒன்றே ஒன்று. கிழிந்த பேண்ட், ஒற்றைச் செருப்பு, கறை பிடித்த பெட்ஷீட் என்று மூட்டை மூட்டையாக வந்தது. தையல்காரி நான், தைத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று பிரித்துப் பார்த்தேன், முடியவில்லை. அதே வாரம் புதுச்சேரியிலிருந்து வந்த காலேஜ் பெண்கள் மூன்று பேர், எங்கள் பெண்பிள்ளைகளை ஓரமாகக் கூப்பிட்டு, காதோடு காதாக அளவு கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் அளவு பார்த்து உள்ளாடை, நைட்டி, நாப்கின். யாரும் போட்டோ எடுக்கவில்லை. ஐந்து நாளாக ஒரே துணியில் இருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

வெள்ளம் வடிந்த பிறகுதான் எங்களுக்கு உண்மையான கஷ்டம். டிவிக்காரர்கள் போய்விட்டார்கள், சோற்று வண்டியும் நின்றது. வீட்டைத் திறந்தால் முழங்கால் அளவு வண்டல். வாடை என்றால் அப்படி ஒரு வாடை. அள்ளினால் கனக்கும், அள்ளாமல் விட்டால் காய்ந்து செங்கல்லாகிவிடும். பரண் மேல் ஒரு பாம்பு எங்களுக்கு முன்னாலேயே குடியேறியிருந்தது. எட்டாம் நாளைக்கு அப்புறம் வந்தவர்களை நினைத்தால்தான் எனக்குக் கண் கலங்குகிறது. வெளியூரிலிருந்து லாரியில் வந்திறங்கிய தூய்மைப் பணியாளர்கள் எங்கள் தெருச் சாக்கடையில் இறங்கி அள்ளினார்கள். அவர்களில் ஒரு அக்காவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தபோது, தன் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்ததாகச் சொன்னார். நான் அதற்கு என்ன சொல்ல? வெளி மாவட்டத்து மின்வாரியக்காரர்கள் சேற்றுக்குள் கம்பம் நட்டார்கள். ஒரு நர்ஸ் வீடு வீடாக ஏறி, எலிக்காய்ச்சல் வராமல் இருக்க மாத்திரை கொடுத்து, வெறும் வயிற்றில் போடாதீர்கள் என்று கண்ணெதிரே ஒரு வாய் சாப்பிட வைத்துவிட்டு நகர்ந்தார்.

விருத்தாசலம் பக்கமிருந்து ஒருவர் லாரி நிறைய வைக்கோல் கொண்டுவந்தார். பேப்பரில் கரை மேல் நின்ற மாடுகளின் படத்தைப் பார்த்தாராம். "மனுசனுக்கு யாராவது குடுப்பாங்க, இதுங்க யாருகிட்டப் போய்க் கேக்கும்" என்றார். எங்கள் மாடு அந்தக் கட்டைப் பிரிக்கிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை.

இனி என் சொந்தக் கதை. என் தையல் மிஷின் நாலு நாள் தண்ணீரில் கிடந்தது. ஊரில் மொத்தம் 14 மிஷின் அப்படி. பொங்கலுக்குத் தைக்கும் காசில்தான் எங்கள் தை மாதம் ஓடும். பதின்மூன்றாம் நாள் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு மிஷின் மெக்கானிக் டிவிஎஸ் வண்டியில் தகரப் பெட்டியோடு வந்தார். "யார் வீட்டுல மிஷின் இருக்கு?" என்று தெருவில் கேட்டுக்கொண்டே வந்தார். என் வீட்டுத் திண்ணையில் பழைய பாயை விரித்து, ஷட்டிலைக் கழற்றினார். உள்ளே வண்டல் அல்வாத் துண்டு மாதிரி கெட்டியாக இருந்தது. பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்த்தார். பாபின் கேஸ், பல், தட்டு எல்லாவற்றையும் வரிசையாக வெயிலில் வைத்தார். துருவைத் தேய்க்க உப்புத்தாள், கடைசியாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய். "ஓட்டிப் பாரும்மா" என்றார். தையல் விட்டுவிட்டு விழுந்தது. ஊசியை மாற்றினார், மறுபடியும் விட்டது. ஷட்டிலைத் தடவிப் பார்த்து, ஒரு திருகை அரைச் சுற்று திருப்பினார். மூன்றாம் தடவை நூல் பிடித்தது போல நேராக ஓடியது. நான் அழுதுவிட்டேன். அவர் அடுத்த மிஷினுக்குப் போய்விட்டார். மூன்று நாள் வந்தார், 14இல் 12 மிஷினை ஓட வைத்தார், ஆறு மோட்டாரை எடுத்துப்போய்க் காய வைத்துக் கொண்டுவந்தார். டீ மட்டும் குடித்தார், அதுவும் சர்க்கரை இல்லாமல். பொங்கலுக்கு நான் 31 ரவிக்கை தைத்தேன் அண்ணா. தெரிய வேண்டுமே என்றுதான் எண்ணிச் சொல்கிறேன்.

அரசு கொடுத்த 2,000 ரூபாயை ரேஷன் கடையில் வாங்கினோம். பாய், தலையணை, ஒரு குக்கருக்குச் சரியாகப் போயிற்று. பாகூர் பக்கம் கட்டிக்கொடுத்த என் தங்கைக்குப் புதுச்சேரி அரசுக் கணக்கில் 5,000. "எல்லையத் தாண்டிக் கட்டிக்கிட்டது இப்பதான் லாபமாச்சு" என்று அவள் என்னைச் சீண்டுகிறாள். வெள்ளத்தில் போய்விட்ட சான்றிதழ்களுக்காக நடந்த முகாமில் உட்கார்ந்து, நனைந்த பட்டாவை இஸ்திரி போட்டா காய வைத்தாய் என்று திட்டாமல் படித்துப் பார்த்துப் பதிந்துகொண்ட பெண் அலுவலருக்கும் நன்றி. இஸ்திரிதான் போட்டேன்.

கடைசியாக நெய்வேலி வேன்காரர்களுக்கு. உங்கள் அண்டா எங்களிடம்தான் இருக்கிறது. முகாமை விட்டு வரும்போது அங்கே விட்டுவர மனமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தோம். அடியில் வெள்ளைப் பெயிண்டில் 7 என்று போட்டிருக்கிறது, அதனால் வாடகைப் பாத்திரமாக இருக்குமோ என்று எங்கள் குழுவில் எல்லோருக்கும் கவலை. கடைக்காரர் உங்களிடம் காசு பிடித்திருந்தால் அதைச் சொல்லுங்கள், குழுவிலிருந்து தருகிறோம். புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். வெள்ள நேரத்தில் பட்ட ஒரு சின்ன நெளிசல் மட்டும் போகவில்லை. ஊருக்குள் வந்து தையல்கார அக்கா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். மணலை அள்ளிய இடத்தில் கீரை போட்டிருக்கிறோம், மாசி பிறந்ததும் கத்தரியும் காய்க்கும். வெறும் அண்டாவாகக் கொடுத்தனுப்ப மாட்டோம், அதனால் கொஞ்சம் பெரிய வண்டியாகவே கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மகளிர் குழுவினர் சார்பில்,
தென்பெண்ணைக் கரைத் தையல்காரி