குமார் ராக்கர் செய்தியில் விடுபட்டது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) குமார் ராக்கர் பற்றிய செய்தியைப் படித்தேன். தாய் வழியில் இந்திய வம்சாவளி, 2022 டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வு) மூன்றாவது ஆளாக டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் எடுத்தது, ஒப்பந்தத் தொகை 52 லட்சம் டாலர் என்று போட்டிருந்தீர்கள். எல்லாம் சரிதான். அன்று மாலையே அட்லாண்டா பக்கத்துத் தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸப் குழுவில் அது சுற்ற ஆரம்பித்துவிட்டது. "எங்க பையனும் 80 மைல் வேகத்துல போடுறான், எங்கே கொண்டு போய்க் காட்டலாம்?" என்று மூன்று பேர் என்னைக் கேட்டார்கள். என் மகன் பந்து வீசுகிறவன், ஹைஸ்கூல் நாலு வருடமும் அவன் அணிக்கு ஸ்கோர் எழுதியவள் நான். அவர்களுக்குச் சொன்னதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ராக்கரின் பெயர் மூன்று டிராஃப்டில் வந்தது. 2018இல் ஹைஸ்கூல் முடித்தபோது கொலராடோ அணி 38ஆவது சுற்றில் எடுத்தது. அவர் போகாமல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்டிரைக்அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். 2021இல் நியூயார்க் மெட்ஸ் பத்தாவது ஆளாக எடுத்து 60 லட்சம் டாலர் தருவதாகப் பேசி முடித்தது. அப்புறம் மருத்துவப் பரிசோதனை நடந்தது. மெட்ஸ் கையெழுத்துப் போடவில்லை. 21 வயதுப் பையனுக்கு அந்தக் கோடை எப்படி இருந்திருக்கும்! மறு வருடம் டிராஃப்டுக்கு முன்னால் ஒரு சிறிய தனி லீகில் ஆடிக் காட்டித்தான் ரேஞ்சர்ஸுக்கு வந்தார். 2023 மே மாதம் முழங்கையில் அறுவை சிகிச்சை. பெரிய லீகில் (மேஜர் லீக் பேஸ்பால்) முதல் பந்தைப் போட்டது 2024 செப்டம்பரில். அந்த 52 லட்சத்துக்கும் முதல் பந்துக்கும் நடுவில் இருந்த கத்திதான் உங்கள் செய்தியில் இல்லை.

முழங்கையின் உள்பக்கத் தசைநார் கிழிந்தால், உடம்பில் வேறு இடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அங்கே கோர்த்துத் தைக்கிறார்கள். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் இதை டாமி ஜான் என்ற வீரருக்கு முதலில் செய்தார். அன்று அது கடைசி வழி. இன்று ஹைஸ்கூல் பையன்கள் செய்துகொள்கிறார்கள்.

இங்கே ஜார்ஜியாவில் பிப்ரவரி நடுவிலேயே பள்ளி ஆட்டங்கள் தொடங்கிவிடும். ஜூலை டிராஃப்டுக்கு ஆள் பார்க்க அணிகளின் ஸ்கவுட்டுகள் அப்போதிருந்தே வருவார்கள். நல்ல பிட்சர் ஆடும் நாளில், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், வலைக்கு இந்தப்புறம், ஏழெட்டுப் பேர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பையன் காலைத் தூக்கியதும் வேகம் அளக்கும் அத்தனை ரேடார் கன்னும் ஒன்றாக மேலே எழும்பும். பந்து கேட்சர் கையுறையில் விழுந்ததும் ஒன்றாக இறங்கும். உடனே நோட்டில் எண். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு பையனின் வேகப்பந்து, வளைபந்து, கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் 20லிருந்து 80 வரை மதிப்பெண் போட வேண்டும், 50 என்றால் பெரிய லீகின் சராசரி. ஆனாலும் முதலில் ஊர் ஊராகப் பயணப்படுவது அந்த மைல் கணக்குத்தான். 2024 டிசம்பரில் பெரிய லீக் நிர்வாகமே வெளியிட்ட அறிக்கை, பிட்சர்களின் காயங்களுக்கு வேகத்தைத் துரத்துவதை முக்கியக் காரணமாகச் சொல்கிறது. பெரிய லீகில் வேகப்பந்தின் சராசரி 2008இல் 91.3 மைல், 2024இல் 94.2.

என் மகனுக்கு 15 வயதில் ஒரு கோடைப் போட்டிக்குப் பணம் கட்டிக் கூட்டிப் போனோம். வெள்ளிக்கிழமை வேகம் அளந்தார்கள். முழு பலத்தோடு போடச் சொன்னார்கள், போட்டான். சனிக்கிழமை ஆட்டத்தில் 62 பந்து. அந்த வயதில் 62 பந்து வீசினால் மூன்று நாள் ஓய்வு கொடுக்கவேண்டும் என்பது பெரிய லீகும் யுஎஸ்ஏ பேஸ்பால் என்ற அமைப்பும் சேர்ந்து 2014இலிருந்து சொல்லிவரும் அளவு. எனக்கு அப்போது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி இறக்கினார்கள். நானும் கைதட்டினேன். அன்று ஒன்றைக் கவனித்தேன். பந்தைப் போட்டதும் அவன் பேட்டரைப் பார்க்கவில்லை, வலைப்பக்கம் பார்த்தான், எண் என்ன என்று. 41ஆவது பந்துக்குப் பிறகு கையை உதறினான். வீட்டுக்கு வரும் வழியில் தண்ணீர் பாட்டிலை இடது கையால் வாங்கினான். தசைநாரில் பாதிக் கிழிசல் என்றார் மருத்துவர். கத்தி வைக்காமல் தப்பித்தோம், ஆனால் எட்டு மாதம் பந்தைத் தொடவில்லை.

அதிலிருந்து ஸ்கோர் புத்தகத்தோடு தனியாக ஒரு நோட்டும் வைத்தேன். ஆட்டத்தில் போட்டது மட்டுமல்ல, பயிற்சியில் போட்டதும் சேர்த்து. பால் கணக்குக்கு அம்மா அடுக்களைச் சுவரில் கரிக்கோடு போடுவாளே, அதே மாதிரி நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு.

பன்னிரண்டாம் வகுப்பில் 89 மைல் வரை போட்டான். மார்ச் மாதத்தில் ஒரு நாள் வயதான ஸ்கவுட் ஒருவர் ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து அந்த நோட்டைக் கேட்டார். நின்றபடியே கால் மணி நேரம் புரட்டினார். "நவம்பரும் டிசம்பரும் ஏன் காலியாக இருக்கிறது?" என்றார். அந்த இரண்டு மாதம் அவன் கையில் பந்தே இல்லை என்றேன். காலிப் பக்கங்களைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டு, இத்தனை வருடத்தில் ஒரு தாய் இதைக் காட்டுவது முதல் தடவை என்று சொல்லி நோட்டைக் கொடுத்தார். அந்த ஜூலையில் எங்களுக்குப் போன் வரவில்லை. இப்போதெல்லாம் இருபது சுற்றுதான், சுமார் 600 பேரைத்தான் எடுக்கிறார்கள். மகன் இப்போது இரண்டு வருடக் கல்லூரி ஒன்றில் ஆடுகிறான், கை நன்றாக இருக்கிறது. அங்கிருந்தும் எடுப்பார்கள். ஆல்பர்ட் புஹோல்ஸை 1999இல் அப்படி ஒரு கல்லூரியிலிருந்து 402ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள், அவர் 703 ஹோம் ரன் அடித்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

அடுத்த ஜூலையில் டிராஃப்ட் செய்தி போடும்போது, தொகைக்குப் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள் ஐயா: அந்தப் பையனுக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா, பெரிய லீகுக்கு வர எத்தனை வருடம் ஆனது என்று. இங்கே பிள்ளைகளை அந்த ரேடார் கன்களுக்கு முன்னால் அனுப்பும் பெற்றோர் அதைத்தான் படிக்கவேண்டும். என்னைக் கேட்ட மூன்று பேருக்கும் முகாம் பெயர் எதுவும் சொல்லவில்லை. நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒருவர் மட்டும், கோடு எங்கிருந்து தொடங்கவேண்டும், வார்ம்அப் பந்துகளையும் எண்ணவேண்டுமா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். எண்ணவேண்டும் என்று எழுதினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மரியேட்டா, ஜார்ஜியா, அமெரிக்கா.