மூணு மீட்டர் பட்டும் பாலக்காட்டுக் காற்றும்

கொழிஞ்சாம்பாறை,
தை மாதம், ஞாயிறு ராத்திரி

கண்ணு,

பாலக்காட்டு விழாவில் நான் பெல்லி டான்ஸ் ஆடி, குடும்ப குரூப்பில் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு "அம்மா, இதெல்லாம் தேவையா?" என்று நீ அனுப்பிய ஒரு வரியை அப்பாவிடம் நான் காட்டவில்லை. ரெண்டு நாளாய் உன் போனும் இல்லை. அதே குரூப்பில் பெரியப்பா "கலி முத்திருச்சு" என்று போட்டது எனக்கு ஒன்றுமில்லை. அவர் கரண்ட் போனாலும் அதையேதான் போடுவார். உனக்கு மட்டும் நடந்ததை முழுசாய்ச் சொல்லிவிட வேண்டும். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

இதை ஆரம்பித்து வைத்ததே நீதான், தெரியுமா? எங்களைத் துபாய்க்குக் கூப்பிட்டு, பாலைவனத்தில் கூடாரம் போட்ட விருந்துக்குக் கூட்டிப் போனாயே. அந்தப் பெண் ஆட வந்ததும் நீயும் உன் சிநேகிதர்களும் கை தட்டினீர்கள். அப்பா கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் தட்டில் கோழித் துண்டை எண்ணிக்கொண்டிருந்தார். நான் பார்த்தது அவள் இடுப்புப் பட்டையை. அத்தனை ஆட்டத்துக்கும் ஒரு மணி உதிரவில்லை. உள்ளே கேன்வாஸ் கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொரு மணிக்கும் இரட்டை நூலில் தனி முடிச்சு என்று அப்போதே மனசுக்குள் தைத்துப் பார்த்தாயிற்று.

அப்புறம் போன வருஷம், கோயம்புத்தூரில் இந்த நடனம் சொல்லித் தரும் மிஸ், யாரோ சொல்லி, வேலந்தாவளம் வழியாக நம் தையல் கடைக்கே வந்தார்கள். 6 இடுப்புப் பட்டை ஆர்டர். அளவு பார்க்க நானே ஒன்றைக் கட்டி நின்றேன். "அக்கா, முட்டியை மாத்தி மாத்தி மடக்குங்க" என்றார்கள். மடக்கினேன். பட்டையில் தைத்த காசெல்லாம் கலகலவென்று சத்தம் போட்டது. அதற்கு ஷிம்மி என்று பேர். இடுப்பை ஆட்டுகிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். வேலை பூராவும் முட்டியில், இடுப்பு தானாக ஆடுகிறது, மேலுடம்பு அசையக் கூடாது. 30 வருஷம் தையல் மெஷின் மிதித்தவளுக்கு இது என்ன புதுசா? கீழே கால் ஓடும், மேலே கை துணியோடு நிற்கும். அப்படியே மிஸ்ஸிடம் கற்கவும் சேர்ந்தேன். மற்றவர்கள் ரெண்டு மாதம் திணறியது எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. (பெருமைதான். விடு.) கையை அலை மாதிரி விடுவது மட்டும் இன்னும் வரவில்லை. இஸ்திரிப் பெட்டி பிடித்த கை.

உன் மனசில் ஓடுவது அந்தக் கூடாரத்துப் பெண்ணின் உடுப்பு என்று எனக்குத் தெரியும். அந்த ரெண்டு துண்டு உடுப்பு கெய்ரோவின் கிளப்புகளிலும் சினிமாவிலும் பிரபலமானது. வீட்டுக் கல்யாணங்களில் அந்த ஊர்ப் பெண்கள் நீள அங்கி போட்டு, இடுப்பில் ஒரு துணியை முடிந்துகொண்டுதான் ஆடுகிறார்கள். 'வயிற்று நடனம்' என்பதே பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பேர். அரபியில் ரக்ஸ் ஷர்கி, கிழக்கத்திய நடனம், அவ்வளவுதான். எகிப்திலேயே 1950களில், ஆடுகிறவர்கள் வயிற்றை மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். உடனே அங்கே தைக்கிறவர்கள் வலைத்துணியை வைத்து மூடினார்கள். எங்கள் ஆறு பேருக்கும் நானும் அப்படித்தான் தைத்தேன். வீடியோவில் நீ பார்த்தது வயிறு இல்லை கண்ணு, தோல் நிறத்து நெட். கடையில் நாலு கலர் எடுத்து வெயிலில் வைத்துப் பார்த்து வாங்கினது.

சரி, விழாவுக்கு வருகிறேன். பாலக்காடு கோட்டை மைதானம், சாயங்காலம் 4 மணி. மேடை இல்லை, தரையில் பச்சை மேட் விரித்திருந்தார்கள். வெறுங்காலில் ஏறினால் தோசைக்கல். முதல் பாட்டே பட்டு வீசி ஆடுவது, ஆளுக்கு மூணு மீட்டர். மார்கழி, தையில் கணவாய் வழியாக வரும் காற்று எப்படி என்று உனக்கே தெரியும். நம் மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியைத் தென்னந்தோப்பில் போய் எடுத்து வருவாயே. ஜார்ஜெட் கொஞ்சம் கனம், அதில் தைக்கலாம் என்று நான் முன்பே சொன்னேன். மெல்லிசுப் பட்டுதான் மிதக்கும் என்றார்கள் மிஸ். மிதந்தது. கையைத் தூக்கியதும் என் பட்டு முழுசாய் முகத்தில் வந்து சுற்றிக்கொண்டது. ஒரு நிமிஷம் உலகமே ரோஸ் நிறம். மூச்சு விட்டால் துணி வாய்க்குள் போகிறது. எட்டு எண்ணிக்கொண்டே உருவி, சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு தொடர்ந்தேன். அப்படித்தான் ஆட வேண்டும்போல என்று முன்வரிசை கை தட்டியது.

அதோடு போனதா? ரெண்டாம் பாட்டில் ஸ்பீக்கர் நின்றுவிட்டது. ஆறு பேருக்கும் கால் ஒரு நொடி தடுமாறியது. மிஸ் விரலில் மாட்டும் தாளம் போட்டிருந்தார்கள், நம் ஜால்ராவைக் குட்டியாக்கின மாதிரி, ஒவ்வொரு கையிலும் கட்டைவிரலுக்கு ஒன்று, நடுவிரலுக்கு ஒன்று. நிறுத்தாமல் அதைத் தட்டிக்கொண்டே போனார்கள். அந்தச் சத்தத்தையும் எங்கள் இடுப்புக் காசுச் சத்தத்தையும் பிடித்துக்கொண்டு ஆடினோம். பாட்டு திரும்பி வருவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஆனாலும் அன்றைக்கு நான் நன்றாக ஆடினது அந்த அரை நிமிஷம்தான் என்று தோன்றுகிறது.

கடைசியில் கம்பு ஆட்டம். தெற்கு எகிப்தில் ஆண்கள் தஹ்தீப் என்று கம்புச் சண்டை போடுகிறார்கள், 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில்கூடச் சேர்த்தார்கள். அதைக் கிண்டல் பண்ணுகிற மாதிரி பெண்கள் மெல்லிய கம்பைச் சுழற்றி ஆடுவது. சிலம்பம் பார்த்த ஊர் இது, சும்மா இருக்குமா? விசில் பறந்தது. அப்பா மூணாவது வரிசையில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாய் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தூர் தாண்டும்வரை பேச்சே இல்லை. அப்புறம், "கம்பைப் புடிச்ச புடி தப்பு. அடியில இருந்து நாலு விரக்கடை விட்டுப் புடி" என்றார். சின்ன வயசில் சிலம்பம் கற்றவர் அல்லவா. மறுநாள் காலையில் துடைப்பக் குச்சியை வைத்துக் காட்டியும் கொடுத்தார். அதை வீடியோ எடுக்க விடவில்லை, இல்லாவிட்டால் அதையும் குரூப்பில் போட்டிருப்பேன்.

என் வீடியோவைக் குரூப்பிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்காதே. எடுக்க மாட்டேன். உன் ஆபீஸில் யாராவது பார்த்துக் கேட்டால், அம்மா தைத்த பட்டை என்று சொல். அதைப் பார்த்து இன்னும் 12 பட்டைக்கு ஆர்டர் வந்திருக்கிறது.

மிஸ்ஸுடைய தாளம் எகிப்தில் செய்தது, அடித்தால் சத்தம் நீளமாய் நிற்கிறது. எங்கள் ஐந்து பேருடையது இங்கே வாங்கினது, தகர டப்பா. துபாயில் நல்லது கிடைக்குமாம், சாகாத் என்று கேட்டால் தெரியுமாம். சித்திரையில் வரும்போது நாலு உருப்படி கொண்ட செட் ஒன்று வாங்கி வா. கடையில் தட்டிக் கேட்டு வாங்கு. எலாஸ்டிக் போடச் சொல்லி அவர்களுக்குத் தனியாய்க் காசு கொடுக்காதே, நான் இங்கே போட்டுக்கொள்கிறேன்.

அம்மா