மோட்டாரின் கிலோவாட்டை மட்டும் பார்த்து பிரேக் ரெசிஸ்டர் வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில் பக்கத்தில் வி.எஃப்.டி. டிரைவ்கள் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவிகள்) குறித்து வெளியான கட்டுரையை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிரேன்களையும் கன்வேயர்களையும் பராமரித்து வருபவன் என்ற முறையில் ஆர்வத்துடன் படித்தேன். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பட்டறையில் குறைந்துவிட்டதால், இளையவர்களுக்கு அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். அப்போதுதான் அதில் தரப்பட்டிருந்த அட்டவணை எத்தகைய குழப்பத்தை உண்டாக்கக்கூடும் என்பது புலப்பட்டது. மோட்டாரின் கிலோவாட்டுக்கு நேராக, பிரேக்கின்போது திரும்பி வரும் மின்சாரத்தை வெப்பமாக்கும் பிரேக் ரெசிஸ்டரின் ஓம் மதிப்பையும் வாட் மதிப்பையும் போட்டிருக்கிறார்கள். ஆனால் ரெசிஸ்டரைத் தீர்மானிப்பது மோட்டார் அன்று, சுமை.

சுமை மோட்டாரை இழுக்கத் தொடங்கினால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தை டிரைவின் டி.சி. பஸ்ஸுக்கு (உள்ளே உள்ள நேர்மின்னோட்டப் பாதைக்கு) திருப்பி அனுப்புகிறது. 400 வோல்ட் விநியோகத்தில் சுமார் 560 வோல்ட்டில் நிற்கும் பஸ், 800 வோல்ட்டைத் தாண்டிப் போனால் டிரைவ் டிரிப் ஆகிவிடும் (தற்காப்புக்காகத் தானே நின்றுவிடும்) என்பதால், அதற்கு முன்பே, பெரும்பாலும் 760 வோல்ட்டை ஒட்டி, பிரேக் சாப்பர் என்னும் டிரான்சிஸ்டர் சுவிட்ச் இயங்கி மிகுதியை ரெசிஸ்டரில் வெப்பமாக்குகிறது. 10 டன் சுமையை நொடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் இறக்கும் ஹாய்ஸ்டை (சுமைதூக்கியை) எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பு தரும் திறன் 19.6 கிலோவாட், கியர்பாக்ஸும் மோட்டாரும் தம் பங்குக்கு ஐந்தில் ஒன்றை விழுங்கினால் பஸ்ஸுக்கு வருவது 15.7 கிலோவாட். 760 வோல்ட்டின் வர்க்கத்தை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 36.8 ஓம் கிடைக்கும். இதற்கு மேல் போனால் பிரேக் போதாது. சாப்பருக்கென டிரைவ் தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போனாலோ சாப்பரே எரிந்துவிடும். இந்த ஹாய்ஸ்டுக்குப் பொருத்தும் அதே 30 கிலோவாட் மோட்டாரை ஒரு மின்விசிறியில் பொருத்தி, அது தானாகச் சுழன்று நிற்கட்டும் என்று விட்டுவிட்டால் ரெசிஸ்டரே தேவையில்லை. இந்நாட்டுச் சுரங்கங்களில் பரவலாக உள்ள 525 வோல்ட் விநியோகத்தில் பஸ்ஸே 740 வோல்ட்டில் நிற்பதால், அந்த அட்டவணை அங்கே அடியோடு உதவாது.

இன்னும் பெரிய பொறி, கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துபோன சதவீதக் கணக்கு, அதாவது ஒரு சுற்று நேரத்தில் எத்தனை சதவீதம் பிரேக் இயங்குகிறது என்பது. அதே ஹாய்ஸ்ட் வேலை மும்முரமான வேளையில் 12 மீட்டர் ஆழத்துக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுமையை இறக்குகிறது என்றால், 300 நொடியில் 60 நொடி பிரேக், அதாவது 20 சதவீதம், சராசரி 3.1 கிலோவாட். ஆனால் பல கேட்டலாக்குகளில் சதவீதம் 120 நொடிச் சுற்றுக்குச் சொல்லப்படுவதால், அங்கே 20 சதவீதம் என்பது 24 நொடி மட்டுமே. சராசரி சரியாக இருக்கிறதே என்று அதை வாங்கிப் பொருத்தினால், 24 நொடிக்கென்று செய்யப்பட்ட கம்பிச் சுருள் ஒரு நிமிடம் முழுவதும் 15.7 கிலோவாட்டைத் தாங்க வேண்டிவரும். விற்பனையாளரிடம் சதவீதத்தைக் கேட்பதைவிட, தொடர்ந்து எத்தனை நொடி, எத்தனை கிலோவாட், அடுத்த பிரேக்குக்கு முன் எவ்வளவு இடைவெளி என்று கேட்பதே முறை.

ரெசிஸ்டரில் போவது வீண், மின்சாரத்தை விநியோகத்துக்கே திருப்பும் டிரைவ்தான் சரி என்ற கட்டுரையின் முடிவையும் என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. சர்க்கரை ஆலையில் சர்க்கரையைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூகல் எந்திரம் போல, பெருஞ்சுமை இரவுபகலாக ஓடி ஓடி நிற்கும் இடத்தில் அது உண்மைதான். நம் ஹாய்ஸ்டிலோ ஒருமுறை இறக்கினால் மிச்சமாவது கால் யூனிட். நாளுக்கு இருபது முறை இறக்கினாலும் ஐந்து யூனிட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. மேலும், 2008 முதல் மின்வெட்டோடு வாழப் பழகிய இந்நாட்டில் பல பட்டறைகள் டீசல் ஜெனரேட்டரை நம்பியிருக்கின்றன. திரும்பி வரும் மின்சாரத்தை ஏற்க வேறு சுமை இல்லாத வேளையில் அது ஜெனரேட்டரையே வேகமாகச் சுழற்ற முற்படும், அல்லது மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாய்வதைத் தடுக்கும் எதிர்த்திசைத் திறன் ரிலேயை இயக்கி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ரெசிஸ்டருக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனாலும் டிரைவ் நின்றுபோனால் சுமையைப் பிடித்து நிறுத்துவது மெக்கானிக்கல் பிரேக் மட்டுமே என்பதைக் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

கட்டுரையில் முற்றிலும் விடுபட்டது, ரெசிஸ்டர் அளவுமீறிச் சூடானால் இயங்கும் வெப்ப சுவிட்ச். சாப்பரின் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டால், மோட்டார் ஓடாமல் நின்றாலும் 560 வோல்ட் இடைவிடாமல் ரெசிஸ்டரின் மேல் விழும். 36 ஓமில் அது 8.7 கிலோவாட், அதாவது நாம் கணக்கிட்ட சராசரியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. டிரைவ் தன்னைத்தானே டிரிப் செய்துகொண்டாலும் இந்த மின்னோட்டம் நிற்காது. ஆகவே வெப்ப சுவிட்சின் கம்பியை டிரைவுக்கு மட்டும் கொடுத்தால் போதாது. அது மெயின் கான்டாக்டரை (டிரைவுக்கு வரும் விநியோகத்தையே துண்டிக்கும் சுவிட்சை) விடுவிக்க வேண்டும். டர்பனின் உப்புக்காற்றில் ரெசிஸ்டரின் கூடு துருப்பிடிப்பதும், ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க்கில் மெல்லிய காற்று வெப்பத்தைக் குறைவாகவே எடுத்துச் செல்வதும் அடுத்தடுத்துக் கவனிக்க வேண்டியவை.

இத்தொடரின் அடுத்த பகுதியில் அட்டவணையைத் திருத்தி வெளியிடும்போது, மோட்டாரின் கிலோவாட் இருந்த இடத்தில் விநியோக வோல்ட்டேஜ், பிரேக் நேரம், சுற்று நேரம் ஆகிய மூன்று பத்திகளைச் சேர்க்குமாறும், வெப்ப சுவிட்சை மெயின் கான்டாக்டருடன் இணைக்கும் வரைபடம் ஒன்றை வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்பராமரிப்புப் பணியாளர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்