கட்டிலில் படுக்க இடம் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூக்கம் வரவில்லை என்று வயதானவர் ஒருவர் மருத்துவரிடம் போனால், சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, மாலையில் காப்பி குடிப்பதுண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள்; இரவில் எங்கே படுக்கிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. குமரி மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வீடுவீடாகப் போய்வந்தவள் என்ற முறையில், அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டிய வீடுகள் உண்டு என்பதை எழுத விரும்புகிறேன்.

எதையும் கழிக்க மனம் வராமல் வீடு நிறையப் பொருள்களைக் குவித்து வைப்பதைக் கஞ்சத்தனம் என்றும் சோம்பல் என்றும் ஊர் சொல்லிவிடுகிறது. முன்பு, ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) ஒரு கூறாகவே கருதப்பட்டுவந்த இதனை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தனிக் கோளாறாக வகைப்படுத்தியது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது. பெரும்பாலும் இளவயதில் தலைகாட்டி, வயது ஏற ஏற முற்றும் இயல்புடையது. இக்கோளாறு கடுமையாக உள்ளவர்களிடம் தூக்கமின்மையும் கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் குறிப்பிடுகின்றன.

பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, தனியே வாழ்ந்த ஒரு தாயாரின் கட்டிலில் முக்கால் பங்கைத் துணி மூட்டைகளும், பிள்ளைகள் அனுப்பிய அட்டைப் பெட்டிகளும், கழுவிக் கவிழ்த்த ஐஸ்கிரீம் டப்பாக்களும் பிடித்திருந்தன. மீதி ஓரத்தில் ஒருக்களித்துப் படுப்பார். அதுவும் இயலாத இரவுகளில் நாற்காலியில் இருந்தபடியே கண்ணயர்வார். கேட்டால், "அது கெடக்கட்டும் மக்களே, ஒரு ஆவசியத்துக்கு ஆவும்" என்பார். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் மூட்டைத் துணியில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் வேண்டாம். தூசியும் சேர்ந்து மூக்கடைப்பும் இழுப்பும் வந்தால், இருக்கிற அரைத் தூக்கமும் போய்விடும்.

சரியாகத் தூங்காதவருக்குக் கவனம் சிதறும், முடிவெடுக்கும் திறன் மங்கும். இந்த நோயாளிக்கோ, எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று முடிவெடுப்பதுதான் ஏற்கெனவே பெரும்பாடு. ஆகவே குவியல் தூக்கத்தைக் கெடுக்க, கெட்ட தூக்கம் குவியலை வளர்க்கிறது. மனச்சோர்வும் பதற்றமும் பலருக்கு உடனிருப்பதால் சிக்கல் மேலும் இறுகுகிறது. நிலைமை இப்படியிருக்க, தூக்க மாத்திரை மட்டும் எழுதிக் கொடுப்பது எனக்கு அச்சத்தையே தருகிறது. மாத்திரை மயக்கத்தோடு நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்து, ஒற்றையடிப் பாதையாகக் குறுகிவிட்ட நடையில் மூட்டை தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யார் பொறுப்பு?

விடுமுறையில் வரும் பிள்ளைகள், பெற்றவர் வெளியே போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் வாரி, பழைய பொருள் வாங்கும் ஆக்கர்க்காரரிடம் போட்டுவிடுவதும் தீர்வாகாது. அதனால் நம்பிக்கை உடைந்து, குவிப்பது முன்னிலும் வேகமாகத் தொடங்கும். அவருடைய சம்மதத்தோடு முதலில் கட்டிலையும், கட்டிலிலிருந்து கழிப்பறை வரையிலான வழியையும் மட்டும் ஒழித்துக் கொடுத்தால் போதும். அலமாரியும் பரணும் காத்திருக்கலாம். கழிக்கும் முடிவைச் சிறிது சிறிதாகப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இருக்கிறது. தூக்கமின்மைக்கும் அதே வழியில் தனிச் சிகிச்சை உண்டு.

2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு செல்லும் பணியாளர்கள் வீட்டுக்குள்ளேயே போகிறவர்கள். மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் பார்க்க முடியாத கட்டிலை அவர்கள் பார்க்க முடியும். படுக்க இடமில்லாத நிலையைக் கண்டால் குறித்துக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவைக்க மாவட்ட சுகாதாரத் துறை அவர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். தொலைவில் இருக்கும் பிள்ளைகள் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் தவித்தால், ஊரில் உள்ள உறவினர் மூலம் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆலோசனை பெறலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.